காயலைத் தூர்வாரினால் தண்ணீர் சுத்தமாகுமா?

"நீச்சலுக்காகக் காயலைத் தூர்வாரினால் கலங்கல் இரண்டே நாளில் அடங்கிவிடும், ஆழம் கூடுவதால் தண்ணீரும் சுத்தமாகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மணலுக்கு அது சரி. இரண்டு மீட்டர் ஆழத்தில் சில நிமிடங்களிலேயே படிந்துவிடும். ஆனால் பல காயல்களின் அடியில் கிடப்பது மணலைவிட நுண்ணிய வண்டலும் களிமண்ணும். துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். உப்புநீரில் களித்துகள்கள் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், உண்மைதான். ஆனால் அடுத்த காற்றுக்கு மறுபடி எழும்பும், கடற்புல் இலையில் மாவு பூசியதுபோல் படியும். அந்தப் புல் பிழைக்க, மேற்பரப்பு வெளிச்சத்தில் சராசரியாக 11 சதவீதமாவது கீழே எட்ட வேண்டும்.

ஆழம் விஷயத்தில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறு. சுற்றிலும் ஆழமில்லாத இடத்தில் ஒரு குழி மட்டும் தோண்டினால் அடித்தண்ணீர் அங்கேயே தேங்கும். செத்த பாசியும் இலையும் அதில் சேர்ந்து மட்கி ஆக்சிஜனைத் தின்றுவிடும். அப்புறம் வருவதுதான் அந்த அழுகிய முட்டை வாடை, ஹைட்ரஜன் சல்பைடு. இதில் யார் நீந்துவது? தோண்டும்போது சேற்றில் அடைபட்டிருந்த பாஸ்பரசும் அம்மோனியமும் வெளியே வரும். வெயில் காலமென்றால் பாசி பெருக அதுவே போதும்.

தூர்வாரவே கூடாது என்று சொல்லவில்லை. தோண்டும்போது அழியும் அடிமண் புழுக்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிடும். முதலில் அடிமண்ணின் துகள் அளவைச் சோதித்துப் பாருங்கள். குழியாக விடாமல், நீரோட்டம் உள்ள பக்கம் சரிவாக வெட்டச் சொல்லுங்கள். வண்டல் தடுப்புத் திரையை (கலங்கல் பரவாமலிருக்க நீரில் தொங்கவிடும் திரை) மட்டும் நம்ப வேண்டாம், ஓட்டம் பலமாக இருந்தால் அது தாங்காது.