'நியூ லுக்' டியோர் சூட்டிய பெயர் அல்ல

பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் தையல் அனுபவமே இல்லாத இளைஞராகக் களமிறங்கி, தன் முதல் ஆடைத் தொகுப்புக்கு 'நியூ லுக்' என்று பெயரிட்டார் என ஒரு வாட்ஸ்அப் பதிவு பரவுகிறது. இரண்டுமே தவறு.

1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் அத்தொகுப்பு அறிமுகமானபோது அவருக்கு வயது 42. அதற்கு முன்பே ராபர்ட் பிகே, லூசியன் லெலாங் ஆகியோரிடம் வடிவமைப்பாளராகப் பணியாற்றியவர். அந்த உழைப்பை மறைப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அவர் வைத்த பெயர்கள் 'கொரோல்' (பூவின் இதழ்வட்டம்), 'எட்டு' (8 என்ற எண்ணின் வடிவம்). இறுகிய இடையும் விரிந்த பாவாடையும் மலரையே நினைவூட்டுகின்றன, எவ்வளவு பொருத்தம்! 'நியூ லுக்' என்பது 'ஹார்ப்பர்ஸ் பஜார்' என்ற அமெரிக்க ஃபேஷன் இதழின் ஆசிரியர் கார்மல் ஸ்னோ வியந்து சொன்னது.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியக இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம். அந்தப் பதிவை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.