ஒரு வருடம் வேலை பார்த்தால் ஒரு பங்கு கடன் கழியட்டும்

நான் இருப்பது அமெரிக்காவில், நார்த் கரோலைனா மாநிலத்தில். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஒரு சின்ன ஊரிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் கார் ஓட்டி வருகிறார். அவருடைய மகன் இந்த வருடம் பள்ளிப் படிப்பை முடிக்கிறான். போலீஸ் ஆக வேண்டும் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. ஆனால் இங்கே 20 வயது நிரம்பாமல் போலீஸில் சேர முடியாது. 18-க்கும் 20-க்கும் நடுவில் என்ன செய்வான்? ஏதாவது கிடங்கு வேலைக்குப் போவான். கையில் காசு வரும், கார் வாங்குவான், தவணை கட்டுவான். இரண்டு வருடம் கழித்துப் பழைய ஆசையை யாராவது ஞாபகப்படுத்தினால் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

அந்த இரண்டு வருடத்தில் பையனைத் தக்கவைக்கத்தான் மாநில அரசு கிரிமினல் ஜஸ்டிஸ் ஃபெலோஸ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டு வருடப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியில் குற்றவியல் நீதி படிக்க வருடத்துக்கு 3,152 டாலர் வரை கடன். படித்து முடித்து, 1,25,000 பேருக்குக் குறைவாக வாழும் கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்றில் நான்கு வருடம் வேலை பார்த்தால் கடன் முழுவதும் தள்ளுபடி. திட்டம் இப்படித்தான் தொடங்கியது. எனக்கு இது மனதாரப் பிடித்திருக்கிறது. சின்ன கவுன்ட்டிகளின் போலீஸான ஷெரிஃப் அலுவலகங்களின் பாடு அப்படி. ஆளைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, ஊரும் தெருவும் பழகிய நேரத்தில், கூடுதல் சம்பளம் தருகிறோம் என்று பெரிய நகரம் கூப்பிடும். போகிறவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு உதவி கேட்டு அழைக்கும் கிழவிக்கு அடுத்த போலீஸ் கார் நாற்பது மைல் தள்ளி நிற்கும்.

என் கவலை வேறு. அந்த நான்கு வருடத்தின் நடுவில் வேலையை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

இதை நான் அனுபவித்திருக்கிறேன். இன்ஜினியரிங் முடித்து நான் சேர்ந்த முதல் கம்பெனியில் இரண்டு வருட பாண்ட். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆறே மாதத்தில் அந்த வேலை எனக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. விலக வேண்டுமென்றால் அப்பா கடன் வாங்கித்தான் பணம் கட்ட வேண்டும். மிச்ச நாளை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். யாரைப் பார்த்தாலும் எரிச்சல், எதிலும் அக்கறை இல்லை. நான் தட்டியது கீபோர்டு, யாருக்கும் பெரிய சேதமில்லை. அதே மனநிலையில் ஒருவன் இடுப்பில் துப்பாக்கியோடு ஜனங்கள் நடுவே நிற்கக் கூடாது. இந்த வேலைக்குத் தான் சரிப்படமாட்டோம் என்று ஒரு இளம் காவலர் உணர்ந்தால், அவர் அன்றைக்கே விலக முடிய வேண்டும். அவரை அங்கே கட்டி வைப்பது கடனாக இருக்கக் கூடாது.

அமெரிக்காவுக்கு இது புதுசு இல்லை. காவலர்களுக்குப் பட்டப்படிப்பு இலக்காக இருக்க வேண்டும் என்று 1967-ல் ஜனாதிபதி ஜான்சன் அமைத்த குழு சொன்னது. அடுத்த வருடமே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் போட்டு, காவல் பணிக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு வருடத்துக்கு 1,800 டாலர் வரை கடன் கொடுத்தது. வேலை பார்க்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் கடனில் 25 சதவீதம் கழியும். ஒருவர் இரண்டு வருடத்தில் விலகினால் பாதிக் கடன் தீர்ந்திருக்கும், மீதியைக் கட்டினால் போதும். நியாயமான கணக்கு. (அந்தப் பணத்துக்காகவே பல கல்லூரிகள் தரமில்லாத போலீஸ் படிப்புகளைத் திறந்தன, 1978-ல் வந்த ஆய்வுக்குழு அறிக்கை அதைக் கடுமையாகச் சாடியது. அது தனிக் கதை.)

இதற்கு நேர் எதிர், ஆசிரியர்களுக்கு 2008 வாக்கில் வந்த டீச் உதவித்தொகை. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம் பாடம் எடுக்க வேண்டும், தவறினால் மொத்தத் தொகையும் கடனாக மாறும். கொடுத்த நாளிலிருந்து வட்டியும் சேரும். ஒழுங்காக வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள், வருடாந்தரப் படிவம் தாமதமாகப் போனது மாதிரியான காரணங்களுக்காகக் கடன்காரர்களானார்கள். விஷயம் செய்தியில் வெடித்த பிறகுதான் அரசு இறங்கிவந்தது.

வருடா வருடம் கழித்தால் ஆள் நிற்கமாட்டானே என்று கேட்பார்கள். அதற்கும் வழி இருந்தது. மத்திய அரசு மாணவர்களுக்குக் கொடுத்துவந்த பெர்கின்ஸ் கடனில் காவலர்களுக்கு முதல் இரண்டு வருடம் 15 சதவீதம், அடுத்த இரண்டு வருடம் 20, ஐந்தாம் வருடம் 30 என்று கழித்தார்கள். நிற்பவருக்குக் கூடுதல் பலன், போகிறவர் உழைத்ததும் வீணில்லை. எந்த மாநிலம் புதிதாகச் சட்டம் எழுதினாலும் இந்த மாதிரிதான் எழுத வேண்டும் என்பேன்.

பையன் விண்ணப்பம் போடட்டும் என்றுதான் அவன் அப்பாவிடம் சொன்னேன். கையெழுத்துக்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் வருடத்தில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? வட்டி எந்தத் தேதியிலிருந்து?