பை விகிதமுறு எண்ணா?

‘சுற்றளவை விட்டத்தால் வகுக்கக் கிடைப்பது பை, ஆகவே அது விகிதமுறு எண், அதன் சரியான மதிப்பு 22/7’ என்ற வாட்ஸ்அப் செய்தி, பாலக்காடு மாவட்டம் சித்தூர் பகுதியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடையே உலவுகிறது. இது தவறு.

விகிதமுறு எண் என்றால் இரண்டு முழுக்களின் பின்னமாக எழுத முடிய வேண்டும். விட்டம் முழு எண்ணாக இருந்தால் அதே அலகில் சுற்றளவு ஒருபோதும் முழு எண்ணாக அமையாது என்பதால், பை விகிதமுறா எண்ணே; இதைக் கணித அறிஞர் லாம்பெர்ட் 1760-களில் நிறுவினார். 22/7-ஐ வகுத்துப் பார்த்தால் 3-க்குப் பின் 142857 என்ற ஆறு இலக்கங்களே மீண்டும் மீண்டும் வரும், பையோ 3.141592 என்று தொடங்கி எந்தச் சுழற்சிக்கும் உட்படாமல் நீள்கிறது. கேரளத்துக் கணித அறிஞர் சங்கமகிராம மாதவன் 14-ஆம் நூற்றாண்டிலேயே பையை முடிவிலாத் தொடராக (முடிவின்றிக் கூட்டியும் கழித்தும் செல்லும் எண்களின் வரிசையாக) கண்டவர் என்பதை நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும்.

7 அடி விட்டமுள்ள கிணற்று உறைக்குச் சுற்றளவு 22 அடி என்று கொண்டால் பிழை 3 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. எனவே அன்றாடக் கணக்குக்கு 22/7 தாராளமாகப் போதும். வினாத்தாளில் ‘பை = 22/7 எனக் கொள்க’ என்று அச்சிடுவதும் இந்தத் தோராயத்தை ஏற்கச் சொல்லித்தான்.