அந்த ஆறு இலக்கத்தைக் குடுக்காதீங்க

மூணு நாளா டைம்லைன் முழுக்க அந்த வீடியோதான். "உங்கட அன்ட்ரொய்ட்டில ஐமெசேஜ், ரெண்டே நிமிசம்." அதுக்குக் கீழ நாலு வரி எழுதினதுக்குக் கிடைச்ச பட்டம் "பொறாமைக்காரன்". சரி, பொறாமைக்காரனாவே இருந்துட்டுப் போறன். ஆனா அந்தத் தம்பி ஒரு இடத்தை மட்டும் வேகமா ஓட்டிட்டார், பாத்தீங்களா? அப்பிள் ஐடியையும் பாஸ்வேர்ட்டையும் அடிக்கிறார். மறுகா லொகின் பண்றது நீங்கதானா எண்டு பாக்க அப்பிள் ஐபோனுக்கு அனுப்புற ஆறு இலக்கத்தையும் அதே ஆப்பில அடிக்கிறார். எல்லாம் மூணு செக்கன். நான் சொன்னது அந்த மூணு செக்கனைப் பத்தித்தான்.

ஐமெசேஜ் எண்டது அப்பிள் சாதனங்களுக்கு இடையில போற அப்பிள்ட மெசேஜ் சேவை, 2011 இல வந்தது. ஐபோனில அது நீலத்தில தெரியும், அன்ட்ரொய்டுக்குப் போற மெசேஜ் பச்சையில. இண்டைக்கு வரைக்கும் அப்பிள் அதை அன்ட்ரொய்டுக்குக் குடுக்கல்ல. அதனால "கொண்டு வாறம்" எண்டு சொல்ற எந்த ஆப்புக்கும் ரெண்டு பாதைதான். ஒண்டு, எங்கேயோ ஒரு மேக் கொம்பியூட்டர் உங்கட பேரில லொகின் பண்ணி, மெசேஜைத் திறந்து, உங்கட போனுக்குக் கடத்தும். மற்றது, உங்கட போனே தன்னை ஒரு அப்பிள் சாதனம் எண்டு அப்பிள் சேர்வருக்குச் சொல்லி ஏமாத்தும்.

முதல் பாதையில கேக்க வேண்டிய கேள்வி ஒண்டே ஒண்டு: அந்த மேக் யாருடையது? ஐமெசேஜ் மேக்குக்கு வரும் வரைக்கும், இடையில யாரும் வாசிக்க ஏலாத மாதிரி, பூட்டித்தான் வரும். திறக்கிறது அங்க. அது ஆப் கம்பனிக்காரன்ட மேக் எண்டா திறக்கிறதும் அவன்ட வீட்டிலதான். 2023 நவம்பரில நத்திங் எண்ட போன் கம்பனி நத்திங் சாட்ஸ் எண்டு ஒரு ஆப் கொண்டு வந்தது. சன்பேர்ட் எண்ட இன்னொரு கம்பனிட தொழில்நுட்பம், முழுக்கப் பூட்டுப் போட்டது எண்டுதான் விளம்பரம். 17ஆம் திகதி பிளே ஸ்டோருக்கு வந்தது, 18ஆம் திகதி எடுத்துட்டாங்க. ஏனெண்டா மெசேஜ் எல்லாம் சேர்வரில பூட்டில்லாமக் கிடந்ததை வெளியாக்கள் கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. ஒரு நாள்தான் தாங்கினது.

மேக் உங்கட சொந்தமெண்டா கதை வேற. புளூபபிள்ஸ் எண்ட ஆப் இருக்கு, இலவசம். அதுட சேர்வரை மேக்கில போடுங்க, புல் டிஸ்க் அக்ஸஸ் குடுங்க (அது இல்லாட்டி மெசேஜ் கிடக்கிற சட்.டிபி பைலை வாசிக்காது), நோட்டிபிகேசனுக்கு பயர்பேஸைக் கட்டுங்க, வெளியில இருந்து பிடிக்க கிளவுட்பிளேர் டனலைப் போடுங்க. மேக் தூங்கக் கூடாது. இங்க மாரி மழையில கரண்ட் போய் வந்தா மேக் தானா எழும்புற செட்டிங்கையும் போடவேணும். எழும்பினாலும் டிஸ்கைப் பூட்டி வைக்கிற பைல்வோல்ட் ஓனில இருந்தா பாஸ்வேர்ட் திரையில நிண்டுடும், நீங்க வீட்டுக்குப் போய் அடிக்கும் வரைக்கும் ஒரு மெசேஜும் வராது. பைல்வோல்ட்டை நிப்பாட்டி, பாஸ்வேர்ட் கேக்காமத் தானா லொகின் ஆக விட்டா, கொம்பியூட்டரைத் தூக்கிறவனுக்கு எல்லாம் திறந்து கிடக்கும். அதோட, உங்கட நம்பர் ஒரு ஐபோனில இல்லாட்டி மெசேஜ் ஈமெயில் முகவரியில இருந்துதான் போகும். எல்லாத்தையும் கட்டினாத்தான் நீலம். ரெண்டு நிமிசமாம்!

ரெண்டாவது பாதையில போனது பீப்பர் மினி எண்ட ஆப். நியாயத்துக்குச் சொல்றன், அது சுத்தமான வேலை. தொடக்கத்தில அப்பிள் ஐடியே கேக்கல்ல, மெசேஜைத் திறக்கிற சாவியும் போனுக்குள்ளதான். 2023 டிசம்பர் 5 வந்தது, 8ஆம் திகதி அப்பிள் அடைச்சுட்டு. திருத்தித் திருத்தி வந்தாங்க. மறுகா ஒரு மேக் வேணும் எண்டாங்க, அதுக்கும் மறுகா ஜெயில்பிரேக் பண்ணின (அப்பிள் போட்ட கட்டுப்பாட்டை உடைச்ச) பழைய ஐபோன் வேணும் எண்டாங்க. ஐபோனே கையில இருக்கிறவனுக்கு இது எதுக்கு?

"எங்களிட்ட ஒளிக்க என்ன கிடக்கு?" எண்டு ஒருத்தர். அப்பிள் ஐடி எண்டா மெசேஜ் மட்டுமா? ஐகிளவுட்டில போட்டோ கிடக்கு, கொன்டக்ட் கிடக்கு, ஸ்பொன்சருக்கு எடுத்த பாஸ்போட் படம் கிடக்கு. தூர இருந்தே ஐபோனில உள்ளதை முழுக்க அழிச்சுட்டுக் காசு கேக்கலாம். "வட்ஸ்அப் மட்டும் திறமோ?" எண்டு இன்னொருத்தர். திறம் எண்டு யார் சொன்னது? அது உங்கட மற்றக் கணக்குப் பாஸ்வேர்ட்டைக் கேக்கல்ல, அவ்வளவுதான்.

கல்லடி அக்காட கதை தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல சொல்லத் தேவையில்ல. தெரியாதவங்களுக்கு: அக்கா போன் கடையில இப்பிடி ஒரு ஆப் போட்டா, அதுக்குக் குடுத்தது அவட மகள்ட ஐடி. மகள் டொரொன்டோவில. போன் கடை மேசையில அக்கா வட்ஸ்அப் வீடியோ கோல் எடுத்து, "புள்ள, நம்பர் வந்திருக்கா? வாசி" எண்டு கேக்க, மகள் ஒவ்வொரு இலக்கமா வாசிக்கிறா. அந்த நம்பர் வர முதல் மகள்ட திரையில எங்கேயோ ஒரு ஊருட வரைபடம் காட்டினது, லொகின் அங்க இருந்து எண்டு. பாக்கல்ல, "அலவ்" குடுத்துட்டா. மகளோட முகம் பாத்துக் கதைச்சுக்கொண்டே, மகளோட கதைக்கிறதுக்கு இன்னொரு ஆப் போட்டிருக்காங்க!

அக்காவைக் குறை சொல்லல்ல. பேரப்பிள்ளைட வீடியோ வரல்ல எண்ட கவலை அவவுக்கு. 2022 இல ஒரு மேடையில ஒருத்தர் தன்ட அம்மாவுக்கு வீடியோ சரியா அனுப்ப முடியல்ல எண்டு சொன்னதுக்கு அப்பிள் தலைவர் டிம் குக், அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக் குடுங்க எண்டார். சபை சிரிச்சது. அக்கா அந்தச் சபையில இருக்கல்ல. அந்தப் பச்சைக்கு நம்ம ஆக்கள் வெக்கப்படுறதுதான் எனக்கு விளங்கல்ல. அது ஐபோன்காரர் அனுப்புற அவர்ட சொந்த மெசேஜிட நிறம். உங்கட மெசேஜ் அங்க சாம்பல்தான்.

நம்பர் குடுத்தவங்க இண்டைக்கே பாருங்க. ஐபோனில செட்டிங்ஸ், மேல உங்கட பேர், அப்பிடியே கீழ இறங்குங்க, சாதனங்கள் வரிசையா நிக்கும். தெரியாத மேக் நிண்டா அதைத் தட்டி அக்கவுண்டில இருந்து நீக்குங்க. நீக்கினது காணாது, பாஸ்வேர்ட்டையும் மாத்துங்க, மாத்தாட்டி அது திரும்ப வரும். அக்காட மகள்ட பட்டியலில ரெண்டு மேக் நிண்டது. அவவிட்ட மேக்கே இல்ல.