கல்யாணத்துக்குள் சரியாகிவிடுமா?

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்றதும் கடலூரில் என் சொந்தக்காரர்கள் கேட்பது இதைத்தான்: கல்யாணத்துக்குள் சரியாகிவிடுமா, குழந்தை பிறக்குமா? சர்க்கரை பார்த்தாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்குக் கோபமே அங்கேதான்.

சினைப்பையோடு முடிகிற கோளாறா இது? பலருக்கு உடம்பில், ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. ஈடுகட்ட உடல் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முகத்தில் முடி, அடங்காத பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாம் அதன் தொடர்ச்சி. பின்கழுத்துக் கறுப்பை அழுக்கென்று எண்ணிக் கடலைமாவு போட்டுத் தேய்க்கிறோமே, அதுவும் பெரும்பாலும் இன்சுலின் கோளாறின் அடையாளம்தான். தேய்த்தால் தோல்தான் புண்ணாகும்.

நம் வீடுகளிலோ முகூர்த்தத்துக்கு முன் மாத்திரை, பிறகு குழந்தைக்காக மாத்திரை, பிள்ளை பிறந்ததும் மருத்துவக் கோப்பு பரண்மேல். 40 வயதில் சர்க்கரை நோய் வந்து நிற்கும்போது இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மாதவிலக்கு வராததை நிம்மதி என்று விட்டுவிடும் தோழிகளே, மாதக்கணக்கில் அப்படியே போனால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். பின்னாளில் அது புற்றுநோய்க்கும் வழிவிடலாம். கருத்தடைக்கும் கொடுக்கிற ஹார்மோன் மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவது அதற்காகவும்தான். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா என்று அத்தைகள் பதற வேண்டாம்.

எடையைக் குறை என்பது நல்ல அறிவுரைதான். 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே பலருக்கு மாற்றம் தெரிகிறது. (ஒல்லியானவர்களுக்கும் பிசிஓடி வரும், அவர்களை யாரும் நம்புவதில்லை.) ஆனால் எங்கே நடப்பது? புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலையில் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். இருட்டிய பிறகும் பெண்கள் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கலாம். எங்கள் தெருவில் தனியாக நடந்தால், எங்கே போகிறாய் என்ற விசாரணையே மூச்சு வாங்கவைத்துவிடும். இவளுக்கு மட்டும் தனிச் சமையல் என்பதும் ஒரு வாரம் தாங்காது. வீடு முழுவதும் சோற்றைக் குறைத்து, சுண்டலையும் மீனையும் கூட்டலாமே. முதுநகர் மீன்பிடித் துறைமுகம் இருக்கிற ஊரில் மீனுக்கா பஞ்சம்!

குழந்தை? முட்டை வெளிவர மாத்திரைகள் இருக்கின்றன, பெரும்பாலோருக்குப் பிறக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லலாமா, மறைக்கலாமா என்று கூடிப் பேசும் பெரியம்மாக்களே, முதலில் அவளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். குளுக்கோஸ் குடிக்கவைத்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பதைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் சிலருக்குத் தப்பிவிடும். பிறகு மருத்துவர் சொல்கிறபடி 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை, உங்களுக்குப் பேரன் பேத்தி பிறந்த பின்னும்.