டீக்கடைப் பெட்டி பேசுவது ஏன் பிடிக்கிறது

கடைகளில் யுபிஐ பெட்டி காசு வந்ததைச் சத்தமாகச் சொல்லும்போதெல்லாம், அதை யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். நானும் ஆப் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் அடிக்கடி போய் நிற்க வேண்டிய இடம் கூட்டமான கடையின் கல்லாப் பக்கம்தான்.

2016ல் யுபிஐ வந்தது. கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினால் கடை தயார். ஆனால் பணம் வந்ததா என்று தெரிய, கடைக்காரர் போனை எடுத்துப் பார்த்தாக வேண்டும். காலை ஏழரை மணிக்கு டீ மாஸ்டர் எப்படிப் பார்ப்பார்? ஒரு கையில் வடிகட்டி, இன்னொரு கையில் குவளை, இரண்டும் ஈரம். எதிரே கூட்டம். “அண்ணே, போட்டுட்டேன்” என்று ஒருவர் தூரத்திலிருந்தே போனைக் காட்டிவிட்டு நகர்கிறார். இப்போது போட்டதா, பழைய ஸ்கிரீன்ஷாட்டா, யாருக்குத் தெரியும்? பல கடைகளில் கணக்கோடு இணைந்த போன் முதலாளியிடம் இருக்கும். கடையில் நிற்கிற பையனுக்கு மெசேஜே வராது.

இந்த இடத்தில் திரையை எவ்வளவு அழகாக்கினாலும் பிரயோஜனம் இல்லை. கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கிறது. சும்மா இருப்பது காது மட்டும்தான். 2019ல் பேடிஎம் கொண்டுவந்த சவுண்ட் பாக்ஸ் அந்தக் காதை நம்பியது. உள்ளேயே சிம் இருப்பதால் கடைக்காரரின் போன் எங்கே இருந்தாலும் கவலையில்லை. தொகையைத் தமிழிலேயே சொல்கிறது. கொடுத்தவருக்கும் கேட்பதால் ‘வந்துச்சா, வரலையா’ என்ற இழுபறி இல்லை.

சரி, அதே பெட்டியைக் கிளினிக் வரவேற்பறையில் வையுங்கள். யார் எவ்வளவு கட்டினார் என்பது காத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. டீக்கடையில் உதவிய அதே சத்தம் இங்கே கூச வைக்கிறது. கடைக்காரருக்குக் காது கேட்காது என்றால், தொகையைக் காட்ட அந்தப் பெட்டியிலேயே ஒரு சின்னத் திரை வேண்டும். பெட்டி ஒன்றுதான், இடமும் ஆளும் வேறு.

ஏசி அறையில், புது போனில், வேகமான வைஃபையில் சோதித்துவிட்டு, “யூசருக்குப் புரியலை” என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். உச்சி வெயிலில், ஒரு கையில் காய்கறிப் பையோடு, கீறல் விழுந்த போனில் ஒற்றைக் கட்டைவிரலால் தட்டுகிறவரும் யூசர்தான். ஆப்பை வெளியிடுமுன் அவர் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். அவர் திணறினால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.