படத்தில் மட்டும் பறக்கும் குட்டிக் கடல் விமானங்கள்

வருஷத்துக்கு ஒரு விளம்பரமாவது வந்துவிடுகிறது. அசையாத ஏரி, பின்னால் பனிமலை, நடுவில் வழவழவென்று ஒரு குட்டிக் கடல் விமானம். இறக்கையை மடித்துக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகலாம், தண்ணீரிலும் இறங்கலாம், தரையிலும் இறங்கலாம், இப்போதெல்லாம் கூடவே மின்சாரத்திலும் ஓடும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: முன்பதிவு தொடங்கிவிட்டது. எனக்கு விமானப் பைத்தியம் என்று தெரிந்த நண்பர்கள் அதை அனுப்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். படம் அருமை. விமானம் வரும் என்ற நம்பிக்கைதான் எனக்கு வரவில்லை.

முதலில் அந்த ஏரியையே பாருங்கள். சலனமே இல்லாத தண்ணீர்தான் கடல் விமானிகளுக்கு ஆகாத தண்ணீர். மேலிருந்து பார்த்தால் உயரம் பிடிபடாது. பத்தடி இருக்கிறதா, ஐம்பதடி இருக்கிறதா என்று கண் ஏமாந்துபோகும். அதனால் எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, மூக்கைச் சற்றே தூக்கி வைத்து, மெதுவாக இறங்கிக்கொண்டே தண்ணீர் தானாக வந்து தொடும்வரை காத்திருப்பார்கள். கிளம்புவதும் கஷ்டம். சிற்றலை இருந்தால் அடிப்பகுதிக்குக் கீழே காற்று புகுந்து விடுவிக்கும். தட்டையான தண்ணீர் லேசில் விடாது. படம் வரைந்தவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். விமானத்தை வடிவமைத்தவருக்குமா?

தண்ணீரிலிருந்து எழும்ப, விமானம் முதலில் வேகப்படகாக மாறியாக வேண்டும். ஆரம்பத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழும். தான் கிளப்பிய அலையின் மேலேயே ஏறி, பரப்பில் சறுக்கத் தொடங்கிய பிறகுதான் வேகம் பிடிக்கும். அதற்குச் சற்று முன்னால் தண்ணீரின் இழுவை உச்சத்தில் இருக்கும். தரையில் என்றால், எஞ்சினுக்குச் சக்தி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஓடுபாதை நீளமாக இருந்தால் எப்படியோ எழும்பிவிடலாம். இங்கே அந்த உச்சத்தைத் தாண்டத் திராணி இல்லையென்றால், ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை, கடைசிவரை உழுதுகொண்டே போக வேண்டியதுதான்.

ஆக எடை குறைய வேண்டும். ஆனால் தண்ணீர் கேட்பதெல்லாம் எடையைக் கூட்டும் சாமான்கள். அலை அறைவதைத் தாங்கும் அடிப்பகுதி வேண்டும். கசிந்து சேரும் தண்ணீரை இறைக்கப் பம்பு வேண்டும். பக்கவாட்டில் சாயாமலிருக்க மிதவைகள் வேண்டும். வேகமாகச் சுற்றும் புரொப்பல்லரின் விளிம்பைத் தண்ணீர்த் துளியே அரித்துத் தின்றுவிடும் என்பதால், எஞ்சினைத் தெறிப்புக்கு எட்டாமல் உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும். தரையிலும் இறங்க ஆசைப்பட்டால் மடங்கும் சக்கரங்கள் வேறு. (அவற்றை மேலே தூக்க மறந்து தண்ணீரில் இறங்கினால் விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். அனுபவசாலிகளே மறந்திருக்கிறார்கள்.)

அமெரிக்காவில் 1982 முதல் பார்ட் 103 என்றொரு விதி இருக்கிறது. அதன்படி மிக இலகுவான விமானங்களை விமானி உரிமமே இல்லாமல் ஓட்டலாம். ஆனால் ஒருவர் மட்டும்தான். காலி எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோ. பெட்ரோல் 5 கேலன், 19 லிட்டர். மிதவைக்கும் பாராசூட்டுக்கும் தனியாகக் கொஞ்சம் சலுகை உண்டு, அவ்வளவுதான். நம் ஊர் 100 சிசி பைக்கே ஏறக்குறைய இந்த எடை இருக்கும். அதற்குள் இறக்கை, எஞ்சின், வால், இருக்கை எல்லாம் அடங்க வேண்டும். இதில் மின்சாரம் என்கிறார்கள். 19 லிட்டர் பெட்ரோல் 14 கிலோகூட இல்லை. எஞ்சின் அதில் முக்கால்வாசிச் சக்தியைச் சூடாக வீணடிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், மிச்சம் செய்யும் வேலையை இன்றைய பேட்டரி செய்ய 200 கிலோவுக்குக் குறையாது. பெட்ரோலாவது பறக்கப் பறக்கக் குறையும். பேட்டரி கிளம்பிய எடையிலேயேதான் இறங்கும்.

"விதியை மாற்றினால் போச்சு, பெரிதாகக் கட்டலாமே" என்பார்கள். அதையும் பார்த்தாயிற்று. கலிஃபோர்னியாவின் ஐகான் நிறுவனம் ஏ5 என்ற இரண்டு இருக்கைக் கடல் விமானத்தை 2008-இல் காட்டியபோது சொன்ன விலை 1,39,000 டாலர். பணத்துக்குப் பஞ்சமில்லை, பொறியாளர்களும் கெட்டிக்காரர்கள். இருந்தும் இலகு ரகக் கடல் விமானத்துக்கு அப்போதிருந்த 1,430 பவுண்டு (சுமார் 650 கிலோ) வரம்புக்குள் அதை அடக்க முடியவில்லை. சுழன்று விழாத வடிவமைப்புக்கு எடை தேவைப்படுகிறது என்று அரசிடம் கேட்டு, 2013-இல் விதிவிலக்கு வாங்கினார்கள். முதல் விமானத்தை ஒப்படைத்தது 2015-இல். 2017-க்குள் எல்லா வசதியும் சேர்த்த விலை 3,89,000 டாலர். 2024 ஏப்ரலில் திவால் மனு.

அந்த ஏ5-இன் கணக்கைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். கிளம்பும்போது அதிகபட்சம் இருக்கலாம் என்ற 685 கிலோவில் காலி எடையே கிட்டத்தட்ட 490. டேங்க் நிறைய பெட்ரோல் ஊற்றினால் 54. மிச்சம் ஏறக்குறைய 140 கிலோ. 75 கிலோ ஆட்கள் இரண்டு பேர் ஏறினாலே வரம்பு தாண்டிவிடும், அப்புறம் பெட்ரோலைக் குறைக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் அது நிஜமாகவே பறக்கிற, நன்றாகவே பறக்கிற விமானம். இத்தனை பணமும் வருஷமும் கொட்டியவர்களுக்கே இந்தக் கதி என்றால், கையில் கணினிப் படம் மட்டும் வைத்திருப்பவர் அதைவிட இலகுவாக, பாதி விலையில் தருவேன் என்றால் எப்படி நம்புவது?

சிறிய கடல் விமானமே முடியாது என்று நான் சொல்லவில்லை. சீரே என்று ஒன்று 1990-களிலிருந்தே இருக்கிறது. பெரும்பாலும் பாகங்களாக வாங்கி, சொந்தக் கொட்டகையில் வைத்துக் கட்டுகிறார்கள். குழாய்ச் சட்டம், துணி போர்த்திய இறக்கை, வெளியே தெரியும் முட்டுக்கம்பிகள், தலைக்கு மேலே துருத்திக்கொண்டு எஞ்சின். விளம்பரத்துக்கு எடுபடாத முகம். ஆனால் நூற்றுக்கணக்கில் பறந்துகொண்டிருக்கிறது. எடை எங்கே போகிறது என்று அதைக் கட்டியவர்களுக்குத் தெரியும்; அதனால்தான் அந்தத் தோற்றம்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. தராசின் மேல் நிற்கும் விமானத்தின் படம் ஒன்று. பிறகு, டேங்க் நிரப்பி, சொன்ன ஆட்களை ஏற்றி, வெயில் நாளில் காற்றில்லாத ஏரியிலிருந்து கிளம்பும் வீடியோ, இடையில் வெட்டாமல். முன்பணம் கட்டலாமா என்று உள்பெட்டியில் கேட்ட தம்பிக்கும் இதேதான் பதில். அந்த இரண்டும் வரும்வரை காசு உன் கணக்கிலேயே இருக்கட்டும்.